விரியாத குடை

என் வீட்டு அலமாரிக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை நிற்கிறது. வளைந்த மரப்பிடி, நுனியில் பித்தளைப் பூண், துணியைச் சுற்றிக் கட்ட பித்தான் வைத்த பட்டை. யாரைக் கேட்டாலும் குடை என்றுதான் சொல்வார்கள். போன ஐப்பசியில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மழைக்கு ஒதுங்கினார். வண்டி வரைக்கும் போய்வர அதை எடுத்து விரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"துருப் பிடிச்சுப்போச்சு சார். எண்ணெய் விட்டு வைங்க" என்றார்.

துருப் பிடிக்க அதற்குள் கம்பியே இல்லை. எட்டுக் கம்பிகளையும் நடுத்தண்டையும் உருவிவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஏழு துண்டுத் தூண்டில் கழி ஒன்றை அந்த இடத்தில் செருகியிருக்கிறது. இழுத்து நீட்டினால் பன்னிரண்டு அடி. இந்த வேலையைச் செய்தவர் மீன் சாப்பிடாதவர். மீன் வாடையே நுழையாத சைவ வீட்டில் பிறந்து, அதே வீட்டில் கடைசிவரை இருந்தவர். அவர் இறந்த பதினேழாம் நாள் அவருடைய அக்கா இதை என் கையில் கொடுத்தார். நான்கு வருடம் ஆகிறது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொன்னதும் இல்லை. என் மனைவிக்கு அவர் குடைக்காரர். எனக்கும் அப்படியே ஆகிவிட்டார்.

நான் புள்ளியியல் துறையில் ஆய்வாளராக இருந்தவன். அறுவடைக்கு முன் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்த நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து எழுதுவது என் வேலை. முப்பத்திரண்டு வருடம் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணும் புத்தி போகவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார். கரந்தையில் எங்கள் வாசலிலிருந்து வெண்ணாற்றுப் படித்துறைக்கு இரண்டாயிரத்து முந்நூறு காலடி. திரும்பும்போது கால் வலியில் அடி சிறுத்து இரண்டாயிரத்து நானூறைத் தாண்டும். கதவைப் பூட்டினேனா, வழியில் அந்தச் செவலை நாய் இருக்குமா, படியில் பாசி இருக்குமா என்று ஒவ்வொரு நாளும் நூறு கவலை.

அப்படி ஒரு காலையில்தான் அவரைப் பார்த்தேன். தூறிக்கொண்டிருந்தது. கீழ்ப்படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு நனைந்து புருவத்தில் வழிந்தது. பக்கத்தில் குடை.

"நனையறீங்களே, குடைய விரிச்சுக்கக் கூடாதா?" என்றேன்.

"அது விரியாதுங்க."

"ரிப்பேரா?"

"இல்லைங்க. நல்லா இருக்கு."

எனக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. நான்கு படி மேலே நின்றுகொண்டேன். நான் போகமாட்டேன் என்று தெரிந்ததும் அவர் திரும்பினார்.

"சார் சைவங்களா?"

"இல்லைங்க. நாங்க எல்லாம் சாப்பிடுவோம்."

அவர் முகம் தெளிந்தது. குடைப்பிடியை இரண்டு சுற்றுத் திருகினார்.

அன்று அவர் எடுத்து வைத்த வரிசையைப் பிறகு நான்கு வருடம் மாறாமல் பார்த்தேன். முதலில் மேல்படியில் ஒரு துண்டை விரிப்பார். சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கும். நடுவில் இருப்பதுதான் எழுதும். மற்ற இரண்டின் மூடியைக் கழற்றினால் உள்ளே மயிலிறகுத் தண்டில் செய்த தக்கைகள், நீரில் மிதந்து மீன் கொத்துவதைக் காட்டுபவை. அடுத்தது மூக்குப்பொடி டப்பா. அவருக்குப் பொடிப் பழக்கம் கிடையாது. உள்ளே மிளகு அளவில் ஈயக் குண்டுகள். பிறகு தையல் நூல்கண்டு, ஊசி குத்தியபடி. மேலே நான்கு சுற்றுதான் நூல், அடியில் முழுக்கத் தூண்டில் நரம்பு. மூக்குக்கண்ணாடிக் கூட்டில் சின்ன கட்டிங் பிளையர். கடைசியாக மஞ்சள் பையின் இடதுபக்கத்திலிருந்து ஒரு பித்தளைச் சம்புடம். திறந்தால் திருநீறு. விரலால் மெல்லக் கிளறினால் தூண்டில் முள்கள்.

"திருநீத்துக்குள்ளயா?" என்றேன்.

"துருப் பிடிக்காது பாருங்க. ஈரத்த இழுத்துக்கும். எண்ணெய் தடவினா மீனுக்கு வாசனை தெரிஞ்சுடும். அதோட, யாரு தொறந்தாலும் திருநீறுதானேங்க."

பையின் வலதுபக்கத்தில் அதே அளவில் இன்னொரு சம்புடம் உண்டு. அதில் வெறும் திருநீறு. வேலை முடிந்ததும் ஆற்றிலேயே முங்கிக் குளித்து, எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்து, அதிலிருந்து எடுத்துப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போவார். நனைந்த தலைக்குக் காரணம் கேட்க வீட்டில் இடமில்லை. இரண்டு சம்புடத்துக்கும் வித்தியாசம் தெரிய ஒரு கீறலாவது போட்டு வைக்கக் கூடாதா என்று கேட்டேன். கீறல் எதற்கு என்று கேள்வி வரும் என்றார். இடது, வலது. அவருக்கு அது போதும்.

ஓர் அலுமினியத் தூக்கும் வரும். கரையில் வண்டலைத் தோண்டி மண்புழுவோடு அதில் அள்ளிக்கொள்வார். மிச்ச வண்டல் வீட்டுக்குப் போகும். "மல்லிச் செடிக்கு" என்பதுதான் தூக்குக்கு வீட்டில் சொன்ன காரணம். அந்தச் செடி கொல்லைச் சுவரைத் தாண்டி வளர்ந்திருந்தது.

நேரம் பார்த்தேன். எடுத்து வைக்க இருபது நிமிடம், தூண்டில் போட நாற்பது நிமிடம், திரும்ப அடுக்க இருபத்தைந்து நிமிடம். பாலத்தடியில் மூங்கில் கழியும் பாலிதீன் பையுமாக உட்காரும் ஒரு பெயிண்டர் ஒருநாள் வந்து துண்டை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க அய்யரே, சீர்வரிச வெச்ச மாதிரி வெச்சிருக்கீங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்க எப்ப வராங்க?"

"நான் அய்யரு இல்லப்பா."

"அதுசரி. மீனுக்குத் தெரியவா போவுது."

பிடித்த மீன்கள் முழுக்க என் பைக்கு வரும். கெண்டை, கெளுத்தி, உளுவை, அதிகமும் ஜிலேபி. அவர் மீனை எடுக்கும் விதம் ஒரு தினுசாக இருக்கும். கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பி, செவுளைத் தூக்கி, துடுப்பை விரித்துப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் அவருக்கு அதில் அக்கறை போய்விடும். "சார், இந்தாங்க" என்று நீட்டிவிட்டு முள்ளைத் துடைக்க ஆரம்பிப்பார். தின்னாதவர் எதற்குப் பிடிக்கிறார் என்று நான்கு முறை கேட்டேன். காற்று நல்லா இருக்கு என்றார். டாக்டர் உட்காரச் சொன்னார் என்றார். சாமான் எல்லாம் இருக்கே, சும்மா வைத்தால் வீணாகிவிடும் என்றார். நான்காவது முறை, "நீங்க எதுக்கு சார் காலடிய எண்றீங்க?" என்று திருப்பிக் கேட்டார். விட்டுவிட்டேன்.

இவ்வளவு ஏற்பாடும் ஒரே ஓர் ஆளுக்காக. அக்கா அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். இருபத்துநான்கு வயதில் கணவரை இழந்து வீட்டுக்குத் திரும்பி வந்து, தாயில்லாத பதினொரு வயதுத் தம்பியை வளர்த்தவர். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா தெற்கே இருக்கும் கோயிலுக்கு மட்டும் போவார். ஆறு வடக்கே. அதனால் தம்பி நான்கு வருடம் தப்பித்தார்.

"தெரிஞ்சா திட்டுவாங்களா?" என்று கேட்டேன்.

"திட்டுனா பரவால்லையே. ரயில்வே பரீட்சை எழுத விழுப்புரம் போனப்ப முட்டை போண்டா தின்னேன் சார். இருபத்திரண்டு வயசு. சட்டைப் பையில இருந்த காகிதத்த அக்கா மோந்து பாத்துடுச்சு. ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு வழக்கம்போலச் சோறு போட்டுச்சு. தான் சாப்பிடல. மூணு நாள். கேட்டா, நான் வளத்ததுல எங்கயோ தப்பு, அதுக்கு நான்தான் கெடக்கணும்னுச்சு." தக்கையைப் பார்த்தபடியே சொன்னார். "அப்ப அதுக்கு முப்பத்தஞ்சு. இப்ப எழுபத்தி மூணு. பிரஷர் மாத்திரை போடுது. மூணு நாள் தாங்குமா?"

அவர் பயம் அவ்வளவுதான். அன்றிலிருந்து அது எனக்கும் தொற்றிக்கொண்டது. கவலைப்படுவதில் நான் அவரைவிடத் தேர்ந்தவன். ஆனால் முதல் தடவை மாட்டிவிட்டதும் நான்தான்.

திரும்பும் வழியில் அவர் வீடு முதலில் வரும். ஒருநாள் அவர் வாசலில் நின்று, "இன்னைக்கு ஒம்போது ஜிலேபி. இதுவரைக்கும் இதுதான் அதிகம்" என்று சொல்லிவிட்டேன். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

"ஒம்போது ஜிலேபியா?"

குடைக்காரர் முந்திக்கொண்டார். "சார் வீட்டுல விசேஷம்க்கா" என்றார்.

"நீ சும்மா இரு. சார், நீங்க சொல்லுங்க. இவன் எத்தனை தின்னான்?"

"ஒண்ணுகூடச் சாப்பிடலைங்க." உண்மையைத்தான் சொன்னேன்.

"சுகர் முந்நூறு இருக்கு இவனுக்கு. ஒம்போது ஜிலேபி கண்ணு முன்னால இருந்தா விடுவானா? நீங்களும் சேந்துகிட்டு மறைக்கிறீங்க."

அடுத்த பதினாறு நாள் அவருக்குப் பாகற்காய். பொரியல், குழம்பு, காலையில் சாறு. பதினாறாம் நாள் படித்துறையில் கசப்போடு கேட்டார்: "அந்த மீனுக்கு ஜிலேபின்னு எவன் சார் பேரு வெச்சான்?"

இரண்டாவது தடவையும் என் தப்புதான். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

கார்த்திகை மாதம். தக்கை ஆடிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அவருக்கு முந்தின நாளிலிருந்தே இருமல். நீங்கள் குளித்துவிட்டு வாருங்கள், நான் அடுக்குகிறேன் என்றேன். முள்களை எண்ணுவது எப்போதும் என் வேலை. படியில் ஒன்று விழுந்து கிடந்தால் குளிக்க வரும் யார் காலிலாவது ஏறிவிடும் என்ற பயம் எனக்கு. இருபத்துநான்கு. எண்ணினேன், திரும்பவும் எண்ணினேன், சம்புடத்தை மூடினேன், பைக்குள் வைத்தேன். எண்ணிக்கையில் தப்பு இல்லை. வைத்த இடம் வலதுபக்கம்.

கொட்டுகிற மழையில் அவர் திருநீறு பூசாமலே கிளம்பினார். வீட்டு வாசலில் அக்கா என்னையும் உள்ளே கூப்பிட்டு, தலை துவட்டத் துண்டு கொடுத்து, காபி கொடுத்தார். அக்கா குளித்து முடித்து சாமி கும்பிடத் தயாராக நின்றார். பூசை முடியாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

"திருநீறு தீந்துபோச்சுடா. உன்னுது குடு."

"பையில வலதுபக்கம் இருக்குக்கா. எடுத்துக்க" என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது.

அக்கா சம்புடத்தைத் திறந்து மூன்று விரலை அழுத்தி எடுத்தார். "ஸ்" என்றார். மோதிர விரலின் நுனியில் திருநீறு பூசிய முள் ஒன்று தொங்கியது.

"தேளா?" என்றார் முதலில். பிறகு விரலைக் கண்ணருகே கொண்டுபோய், "இது என்னடா கொக்கி?" என்றார்.

தம்பி ஓடிவந்து பார்த்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன், அதில் கோபம் இல்லை. நான் அவரைத் தனியே இழுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், கோயில் திருநீற்றில் ஏதோ ஊசி கிடந்தது என்று சொல்லிவிடலாம், டாக்டர் எடுத்துவிடுவார், அக்காவுக்கு முள் எது ஊசி எது என்று தெரியாது என்றேன். அவ்வளவு நேரத்தில் என்னால் யோசிக்க முடிந்த பொய் அதுதான். நல்ல பொய். நின்றிருக்கும்.

"ஆட்டோ வந்து, அங்க வரிசையில நின்னு, மணி பன்னெண்டாயிடும் சார். அதுவரைக்கும் வலிக்கும்ல" என்றார். என்னை விலக்கிவிட்டு, கூடத்தில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, துண்டை விரித்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து கட்டிங் பிளையரை எடுத்து வைத்தார்.

"அந்தப் பக்கம் பாருக்கா."

"எதுக்கு? நான் பாக்கறேன்."

"பின்னால இழுத்தா கிழிக்கும். நுனிக்குக் கீழ எதிர்ப்பக்கமா ஒரு சின்ன முள்ளு இருக்கு. முன்னால தள்ளி வெளிய கொண்டாந்து, அத வெட்டிட்டு, வந்த வழியாவே எடுக்கணும்."

இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார். நான்கு சொட்டு ரத்தம். அக்கா விரலைப் பார்க்கவில்லை. தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்படிடா உனக்குத் தெரியும்?"

"எனக்கே ரெண்டு தடவ குத்தியிருக்குக்கா. தூண்டில் முள்ளு."

எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

"எத்தனை வருஷமா?"

"பூதலூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ்ல இருந்தப்பலேர்ந்து."

"எத்தனை மீனு?"

அவருக்கு எப்படித் தெரியும். அவர் எண்ணியதே இல்லை. என் வாய்தான் முந்திக்கொண்டது. "எனக்குத் தெரிஞ்சு நாலு வருஷம் ரெண்டு மாசத்துல அறுநூத்திப் பதினேழுங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். "அதுல இவன் தின்னது?"

"ஒண்ணுகூட இல்லைங்க. பதினாலு, படித்துறைப் பூனைக்கு. பாக்கி அறுநூத்தி மூணும் எங்க வீட்டுக்கு."

"உங்க வீட்டுல எத்தனை பேரு?"

"ரெண்டு பேருங்க."

அக்கா விரலைத் துடைத்துக்கொண்டே, "அன்னைக்கி ஒம்போது ஜிலேபின்னீங்களே" என்றார்.

"அதுவும் மீன்தாங்க. அதுக்குப் பேரே அதுதான்."

"பதினாறு நாள் பாவக்கா போட்டேன்" என்று தம்பியிடம் சொன்னார். தம்பி தலையைத் தூக்கவில்லை. அவர் சாப்பிடவில்லை என்று நான் சாட்சி சொன்னது அவரைக் காப்பாற்றிவிடும் என்று நம்பினேன். அக்கா சொன்னது இதுதான்: "திங்காமயா பிடிச்ச? அது இன்னும் பாவம்டா. திங்கறவனுக்காவது பசின்னு ஒண்ணு இருக்கு."

எழுந்துபோய் இன்னொரு முறை குளித்தார். தம்பிக்குச் சமைத்தார். தனக்கு இலை போட்டுக்கொள்ளவில்லை.

டி.டி. ஊசிக்கு நான்தான் ஆட்டோ கொண்டுவந்தேன். ஊசி போட்டுக்கொண்டு மறுபேச்சில்லாமல் வந்தார். அன்று காலை, மதியம், ராத்திரி. மறுநாள் மூன்று வேளை. மூன்றாம் நாள் காலை. ஏழு வேளை. எழுபத்தேழு வயது. தம்பியும் முதல் நாள் ராத்திரியிலிருந்து தட்டைத் தொடவில்லை என்று தெரிந்ததும் என் தூக்கம் போயிற்று. ஒருவருக்குப் பிரஷர், ஒருவருக்குச் சுகர். சம்புடத்தை இடம் மாற்றி வைத்த கை என்னுடையது.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்குப் போனேன். கூடத்தில் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் எல்லாம் வழக்கமான வரிசையில் இருந்தன. குடை, பேனாக்கள், பொடி டப்பா, நூல்கண்டு, கண்ணாடிக் கூடு, சம்புடம். ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் சுவரில் சாய்ந்து அக்கா. அக்காவின் உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

"எல்லாத்தையும் ஆத்துல போட்டுட்டு வந்துடறேன்க்கா. நீ சாப்பிடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் தடவை சொல்கிற குரல் இல்லை அது.

அக்கா துண்டையே பார்த்தார். பிறகு கையை நீட்டி ஒரு பேனாவை எடுத்தார்.

"இதுல எது எழுதும்?"

"நடுவுல உள்ளது."

மற்றதைத் திறந்தார். தக்கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மயிலெறகா?" என்றார். பொடி டப்பாவைத் திறந்து ஒரு ஈயக் குண்டை உருட்டினார். நூல்கண்டின் நூலைப் பிரித்து நரம்பை இழுத்துப் பார்த்தார். குடைப்பிடியைத் தானே திருக முயன்று, முடியாமல் தம்பியிடம் நீட்டினார். அவர் திருகி, கழியை ஒரு துண்டு மட்டும் நீட்டிக் காட்டினார். அக்கா அடுத்த துண்டையும் இழுக்கச் சொன்னார். ஏழு துண்டும் வந்தபோது நுனி வாசற்படியைத் தாண்டிவிட்டது.

"திங்கலன்னா எதுக்குடா இதெல்லாம்?"

என்னிடம் நான்கு பதில் சொன்னவர் அக்காவிடம் ஐந்தாவதைச் சொன்னார். மெதுவாக, துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார்.

"பார்சல் ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம்க்கா. எல்லாப் பெட்டியிலயும் சீட்டு ஒட்டியிருக்கும். எங்கேருந்து வருது, எங்க போவுதுன்னு இருக்கும். தூக்கிப் பாத்தா கனம் தெரியும், ஆட்டுனா சத்தம் கேக்கும். உள்ள என்னன்னு மட்டும் பாக்கக் கூடாது. ஒண்ணக்கூடத் தொறந்ததில்ல. ஆத்துல நரம்பு இழுக்கறப்ப அதே மாதிரி இருக்கும்க்கா. என்னமோ இருக்கு. கனம் தெரியுது. ஆனா இத நான் தூக்கிப் பாக்கலாம். அதுக்குத்தான்."

அக்கா கழியை ஒவ்வொரு துண்டாக உள்ளே தள்ளினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம்.

"பாத்துட்டல்ல" என்றார். "பாத்துட்டா திரும்ப மூடி அனுப்பிட வேண்டியதுதானே. இவரு பையில எதுக்குப் போடற?"

பிறகு சுவரைப் பிடித்து எழுந்தார். "வெந்நீர் அடுப்புச் சாம்பலச் சலிச்சுத் தரேன். முள்ள அதுல வை. திருநீத்த திருநீறா வை." சமையலறைக்குள் போய், அங்கிருந்தே, "மூணு பேருக்கு எல போடு" என்றார்.

பாகற்காய்தான். மூன்று பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

மறுநாள் அவர் ஒரு சின்ன அரத்தை வைத்துக்கொண்டு மிச்சம் இருந்த இருபத்துமூன்று முள்களிலும் எதிர்முள்ளை ராவி எடுத்தார். அதன்பிறகு மீன் வாயில் குத்திய முள் லேசாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஈரக் கையில் மீனை வாங்குவார், திருப்பிப் பார்ப்பார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார், நீரில் விடுவார். என் வீட்டில் மீன் நின்றுபோனது. "குடைக்காரருக்கு நம்ம மேல கோவமா?" என்று என் மனைவி பல நாள் கேட்டாள்.

மறைக்க ஆள் இல்லாத பிறகும் அவர் பேனாவை, பொடி டப்பாவை, நூல்கண்டை விடவில்லை. ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளலாமே என்றேன். பெட்டியில் போட்டால் எது எங்கே என்று தெரியாது என்றார். அக்கா மட்டும் ஒரு மாற்றம் செய்தார். விரிகிற குடை ஒன்று வாங்கிக் கொடுத்தார். வெயில் காலத்திலும் இரண்டு குடையோடு நடந்து போகிறவரைப் பார்த்து பெயிண்டர், "மாப்பிள்ளைக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணா?" என்பார்.

இன்னொரு ஏற்பாடும் வந்தது. நாங்கள் திரும்பும்போது அக்கா வாசலில் நிற்பார். தம்பியிடம் கேட்கமாட்டார், என்னிடம்தான் கேட்பார்.

"பிடிச்சது?"

"அஞ்சுங்க."

"விட்டது?"

"அஞ்சுங்க."

இரண்டும் ஒன்றாக இருந்தால் உள்ளே போய் இலை போடுவார். அதற்காகவே நான் ஒருநாளும் தவறாமல் போக வேண்டியதாயிற்று. காய்ச்சலில்கூடப் போனேன். பதினான்கு மாதம் இரண்டு எண்ணும் பொருந்தின.

தை கடைசியில் ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். மதகுக்குக் கீழே குட்டத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கும், மீன்கள் அங்கே நெருங்கிக் கிடக்கும். அப்படி ஒருநாள் ஏழு மாட்டின. ஏழாவது ஒரு கெண்டை, ஒரு சாண்கூட இராது. புழுவை முள்ளோடு தொண்டைக்குள் விழுங்கிவிட்டது. அவர் நரம்பை வெட்டி, முள்ளை எப்படியோ எடுத்துவிட்டார். மீனை நீருக்குள் நிமிர்த்திப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தார். பதினொரு நிமிடம். கையை எடுத்தபோது அது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

தூக்கில் இருந்த வண்டலின்மேல் அதை வைத்து மூடினார். திரும்பும் வழியில் நான் காலடி எண்ணவும் மறந்துவிட்டேன். ஏழு வேளை பட்டினி கிடந்த அக்காவின் முகம்தான் கண்ணில் இருந்தது. இப்போது இன்னும் ஒரு வயது கூடியிருந்தது.

அக்கா வாசலில் நின்றார்.

"பிடிச்சது?"

"ஏழுங்க."

"விட்டது?"

"ஏழுங்க" என்றேன். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கதிரைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவன் நான்.

அக்கா தலையை ஆட்டிவிட்டு உள்ளே திரும்பினார்.

"ஆறுதான்க்கா" என்றார் தம்பி.

தூக்கை வாசற்படிக்குக் கீழே வைத்து மூடியைத் திறந்தார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு குனிந்தார். எழுபத்தெட்டு வயதில், இவ்வளவு பக்கத்தில், முதல் தடவையாக ஒரு மீனைப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. முந்தானையை மூக்கருகே கொண்டுபோனவர், பொத்திக்கொள்ளாமல் அப்படியே பிடித்திருந்தார்.

"இது பேரு என்ன?"

"கெண்டை."

"செத்தும் கண்ணு மூடலயே."

"எப்பவுமே மூடாதுக்கா. அதுக்கு எமை கெடையாது."

"தூங்கறப்பகூடவா?"

"தூங்கறப்பவும்தான்."

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மல்லிச் செடிகிட்ட ஆழமாக் குழி தோண்டி வை. பூனை கிளறிடப்போவுது. குளிச்சிட்டு வா, சோறு ஆறுது" என்றார். உள்ளே போகும்போது என் பக்கம் திரும்பாமல், "நீங்களும் கையக் கழுவிட்டு வாங்க சார். உங்களுக்கு எண்ணத் தெரியும்னு நெனச்சுகிட்டிருந்தேன்" என்றார்.

மூன்று இலை போட்டிருந்தது. அக்கா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கட்டம்தான் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு மட்டும் ஓரத்தில் ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒன்று போட்டேன். பிடித்தது ஏழு. விட்டது ஆறு. மல்லிச் செடிக்கு ஒன்று.